பத்து எண்ணும் வரை

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு. என் தங்கை விட்டுப்போன மூன்றையும் சேர்த்து ஒன்பதாகவே வளர்த்து ஆளாக்கினேன். ஒரு பிள்ளையையும் அடுத்த வீட்டுக் கஞ்சிக்கு அனுப்பியவள் இல்லை நான். எழுத்து மட்டும் எனக்குக் கொஞ்சம்தான். என் பெயரும் அப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதுவேன். அச்செழுத்தை விரல் வைத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவசரப்படாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அறுபது வருஷத்துக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் ஊசிப்போகாது.

எங்கள் தோட்டத்து வாத்தியாரைப் பற்றித்தான் சொல்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன். அதைச் சொல்கிற உரிமையை ஒரு நாள் காலையில் நானே தொலைத்துவிட்டேன்.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டம். விடியும்போது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில் தகரம் வேய்ந்த ஒரு சாய்ப்பு இருந்தது. அதுதான் பள்ளிக்கூடம். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் பாடம் கேட்காது. வாத்தியார் வாயை மட்டும் அசைப்பார், நாங்கள் அந்த அசைவைப் பார்த்து வாய்ப்பாடு சொல்வோம். மத்தியானம் வரைக்கும்தான் அவர் வாத்தியார். அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளைக்கு எடுபிடி.

ஆள் ஒல்லி. வேட்டிக்கு மேல் எப்போதும் ஒரு கறுப்புக் கோட்டு. அதில் மூன்று பொத்தான் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. எங்களிடம் கேள்வி கேட்டுவிட்டு அந்த வெள்ளைப் பொத்தானை விரலால் தட்டித் தட்டிப் பத்து எண்ணுவார். பத்துக்குள் பதில் வராவிட்டால், "ஒக்காரு" என்பார். அவ்வளவுதான். அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த 'ஒக்காரு'வுக்குப் பயந்து நாங்கள் படித்ததுபோல் வேறு தோட்டத்தில் பிரம்புக்குப் பயந்தும் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. வியாதி என்று என் ஆத்தாதான் சொல்லும். யாரைக் கண்டாலும் மறித்து, "நம்ம புள்ளைங்கள ரெண்டு கேள்வி கேட்டுட்டுப் போங்க" என்பார். வண்ணான் வந்தால் வண்ணானிடம். வளையல்காரர் வந்தால் வளையல்காரரிடம். கேட்கிறவருக்கு எழுத்து தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

ஒரு தடவை பதுளையிலிருந்து அரிசி ஏற்றி வந்த வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார். அவர் பசறை மேட்டில் மாட்டோடு மல்லுக்கட்டிய களைப்பில் இருந்தார்.

"நான் என்னத்தக் கேக்க வாத்தியாரே? எனக்கு மாட்டத் தவிர என்ன தெரியும்?"

"அதையே கேளுங்க."

வண்டிக்காரர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "சரி. எம் மாட்டுக்கு முன்வாயில எத்தன பல்லு?"

வாத்தியார் பொத்தானைத் தட்ட ஆரம்பித்தார். அவர் ஆறு எண்ணும்போது நான் எழுந்துவிட்டேன். "கீழ எட்டு. மேல ஒண்ணுமே இல்ல." பால் மாட்டுக்குப் புல் போடுகிற வேலை என் அப்பனுக்கு. அதன் வாயை நான் பார்த்திருக்கிறேன்.

"அடி ஆத்தி! சரியாச் சொல்லிருச்சே!" என்றார் வண்டிக்காரர்.

வாத்தியாருக்கு நம்பிக்கை வரவில்லை. கோட்டோடு போய் மாட்டின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். மாடு அவர் கைமேல் எச்சில் வடித்தது. திரும்பி வந்து என்னைப் பார்த்து, "எனக்கே தெரியாம இருந்திச்சு, புள்ள" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அவரிடம் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஏன் அப்படி அலைந்தார் என்பது பெரியவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது. அரசாங்கம் ஒரு புது முறை கொண்டுவரப்போவதாகச் சொல்லியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஒருவர் தோட்டம் தோட்டமாக வருவார். பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பிள்ளைகள் சொல்வதை வைத்து வாத்தியாரை அளப்பார். தேறினால் பள்ளிக்கூடம் அரசாங்கப் புத்தகத்தில் ஏறும். ஏறிவிட்டால் அதில் படிக்கிற பிள்ளையை மத்தியானத்துக்கு முன்னால் மலைக்கு வேலைக்கு இழுக்க முடியாது. வாத்தியாரையும் நினைத்த நேரத்தில் விரட்ட முடியாது. தேறாவிட்டால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மற்ற வாத்தியார்மார் இதைக் கேட்டு நடுங்கினார்கள் என்று சொல்வார்கள். எங்கள் வாத்தியார் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குக் காத்திருப்பவர் மாதிரி காத்திருந்தார்.

முதல் வருஷம் தள்ளிப் போட்டார்கள்.

இரண்டாம் தடவை தள்ளிப் போட்ட சேதியை லுணுகலையில் நான் என் காதால் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை. அப்பனோடு உப்பும் கருவாடும் வாங்கப் போயிருந்தேன். சில்லறைக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நானா என்போம், அவருக்குக் கொழும்பிலிருந்து பேப்பர் வரும். ஒரு வாரம் பழசானாலும் கடைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துச் சொல்லுவார். வாத்தியார் கடை வாசலில் நின்றார். எங்கள் பெரிய கங்காணி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே, ஒங்கட விசயம்தான்" என்றார் நானா. "தொரைமார் சங்கம் சொல்லியிருக்கு. பரீட்ச வேணாம்னு சொல்லல்லயாம். இப்ப வேணாமாம். அளக்குறதுக்கு முந்தி அளக்குற மாதிரி வாத்தியார் வேணும், கட்டடம் வேணும், புஸ்தகம் வேணும். அதுக்குக் காலம் தாங்கன்னு கேக்குறாங்க. கொழும்புச் சபையில ரெண்டு பேரு மறுத்துப் பேசியிருக்காங்க. ஆனாலும் இன்னொரு வருசம் ஒத்திப் போட்டாச்சி."

"நியாயந்தானே?" என்றார் கங்காணி. "ஒமக்கும் நல்லதுதான் ஓய். பரீட்ச வந்தா ஒம்ம வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிப்போகும்."

"பதுளைக்கே இன்னும் தண்டவாளம் வரல கங்காணியாரே. என் வண்டவாளம் எதுல ஏறும்?"

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை.

"கட்டடம் வேணும்னா கட்டலாமில்ல? மூணு வருசமா ஒரு தகரத்தக்கூட மாத்தல. காலம் கேக்குறவங்க அந்தக் காலத்துல என்ன செஞ்சாங்க? இந்த வருசத்துப் புள்ளைங்கள அடுத்த வருசத்துக்கு ஊறுகாயாப் போட்டு வைக்க முடியுமா?"

"வாத்தியாரே, பாத்துப் பேசும்" என்றார் கங்காணி. சிரிப்பு நின்றது.

அவர் சொன்னது பொய்யில்லை. முதல் வருஷம் அவர் தயார் செய்து வைத்திருந்த பதினொரு பேரில் ஒருவர்கூட இரண்டாம் வருஷம் சாய்ப்பில் இல்லை. எல்லாரும் மலையில். என் அக்காள் பேச்சி அதில் ஒருத்தி. ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். கூடை கட்டிய ஆறாம் மாதம் அவளிடம் ஒரு பக்கம் சொல்லச் சொன்னேன். "போடி" என்றாள். மறந்துவிட்டாளா, வெட்கமா, இன்றைக்குவரை எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவர் லீவு சொல்லிவிட்டுப் பதுளையில் இருக்கிற அரசாங்கக் கச்சேரிக்கு நடந்தே போனார். கையில் ஒரு மனு. 'பரீட்சையைத் தள்ளிப் போட வேண்டாம், என்னை உடனே சோதிக்க வேண்டும்' என்று. அங்கே இருந்த குமாஸ்தா வாசித்துவிட்டு, "ஐயா, வேண்டாம் எண்டுதான் எல்லாரும் மனுக் குடுக்கிறது. வேணும் எண்டு குடுக்கிறதுக்கு எங்களிட்டப் பெட்டி இல்லை" என்றாராம். அட்டை கடித்த ரத்தம் காலில் காய்ந்திருக்க, மூன்றாம் நாள் திரும்பி வந்து, அதை எங்களுக்கே சொல்லிக் காட்டினார். நாங்கள் சிரித்தோம். பிள்ளைகள்தானே.

அதற்குப் பிறகு அவருடைய வியாதி முற்றியது. மேட்டு லயத்தில் ஒரு கிழவர் செத்துப்போனார். லயம் என்றால் நாங்கள் இருந்த வரிசை வீடுகள்தான். பாடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சங்கு ஊத வந்த பண்டாரம் ஒருவர் ஓரமாக நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் என்னையும் இன்னொரு பையனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவர் முன்னால் நிறுத்தினார்.

"சாமி, நாலு ஊரு பாத்தவங்க நீங்க. ரெண்டே ரெண்டு கேள்வி."

பண்டாரம் பாடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். செத்தவருடைய மகன் ஓடி வந்தான். "யோவ், எங்கப்பன் கெடக்குறாரு! ஒனக்குப் புத்தி இருக்கா?"

வாத்தியார் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. கோட்டைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, சுடுகாடு வரைக்கும் பின்னால் நடந்தார். அன்றைக்கு எனக்கு அவரிடம் பயம் வந்தது. அக்குளில் இருந்த கோட்டின் வெள்ளைப் பொத்தானை அவர் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

மூன்றாம் வருஷமும் தள்ளிப் போட்டார்கள். என்னை மலையில் இறக்கினார்கள்.

பிள்ளைகள் பெரட்டில் களை பிடுங்குகிற வேலை. இரண்டாம் நாளே துரை வந்தார். வெள்ளைக்காரத் துரை. கூட நாய், பின்னால் கங்காணி. துரை என் எதிரில் நின்று, "இது யார் புள்ளே?" என்றார்.

கேள்வி என்று ஒன்று வந்தால் எழுந்து நின்று சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். நாலு வருஷம் எனக்கு அதுதான் பழக்கம். எழுந்தேன். தலையை நிமிர்த்தினேன். என் பெயர், அப்பன் பெயர், லயத்து நம்பர், எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியும் என்பது வரை சொன்னேன்.

துரை என்ன நினைத்தாரோ. நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கங்காணியின் கம்பு என் முதுகில் விழுந்தது. துரை வந்தால் பாதையின் பள்ளத்துப் பக்கம் ஒதுங்க வேண்டும், மண் திட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும், அவர் எதைக் கேட்டாலும் கங்காணிதான் சொல்ல வேண்டும். இதெல்லாம் மலையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. சாயங்காலம் அப்பனைக் கூப்பிட்டுத் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லிக் களத்தில் நிற்க வைத்தார்கள். விளக்கு ஏற்றுகிற நேரம் வரை நின்றார். நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆத்தா என்னை அறைந்தது. பிறகு கட்டிக்கொண்டு அழுதது.

"தொர முன்னால வாயத் தொறந்தியன்னா நம்ம சட்டி பானையத் தூக்கி ரோட்டுல வச்சிருவாங்கடி. கேட்டுக்க. அந்த வாய அவரு பள்ளிக்கூடத்தோட வச்சிட்டு வா."

வைத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதத்தில் துரையின் பூட்ஸ் சத்தம் தூரத்தில் கேட்டாலே என் கழுத்து தானாகக் குனியும்.

அப்போதுதான் வாத்தியாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. சபையில் பேசிப் பேசி, எல்லாத் தோட்டத்துக்கும் வேண்டாம், பார்ப்பதற்குச் சில தோட்டத்தில் மட்டும் இப்போது சோதிக்கலாம் என்று முடிவானதாம். அந்தச் சிலவற்றில் எங்கள் தோட்டமும் ஒன்று. அவருடைய மனுவால்தானோ என்னவோ.

வாத்தியார் லயத்துக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"தாயி, இருக்கிறதெல்லாம் பொடிசு. முப்பத்து நாலு பேருல பெரிய கேள்விக்கு நின்னு சொல்ல இதுதான் இருக்கு. ஒரே ஒரு நாளைக்கு அனுப்புங்க."

"நீங்க வாத்தியாருன்னு ஊருக்கே தெரியும். எதுக்கையா இப்பிடி ஓடுறீங்க?" என்றது ஆத்தா.

அவர் வெள்ளைப் பொத்தானைத் தடவினார். பிறகு சொன்னார். "எனக்குத் தெரியலயே தாயி. அக்கரையில, இந்தியாவுல நான் படிச்ச எடத்துல, கடைசிப் பரீட்ச அன்னிக்கு எனக்கு அம்ம போட்டிருச்சு. ஒருத்தரும் என்னக் கேக்கல. தேறினவனுமில்ல, தவறினவனுமில்ல. நான் வாத்தியாரா, சும்மா கோட்டு மாட்டுன ஆளா, யாராவது ஒருத்தர் சொல்லணுமில்ல?"

ஆத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போங்க" என்றது.

பரீட்சை நாள் காலையில் மழை இல்லை. அதுவே பெரிய நல்லகாலம் என்றார் வாத்தியார். கோட்டில் நாலு பொத்தானையும் போட்டிருந்தார். முப்பத்து நாலு பேரும் முகம் கழுவித் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தோம். முன் வரிசையில் நான். வண்டிக்காரர் கேட்டு, வளையல்காரர் கேட்டு, ஊரே கேட்டுப் பழகிய பிள்ளைகள். யார் என்ன கேட்டாலும் சொல்லிவிடுவோம் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நம்ம நிறம்தான். ஆனால் தொப்பி, கோட்டு, பூட்ஸ் எல்லாம் துரைபோல. அவர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. கூடவே எங்கள் துரையும் வந்து, கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். நாய் அவர் காலடியில் படுத்தது. அவருக்குப் பின்னால் கம்போடு கங்காணி.

"பயப்பிடாதையும் பிள்ளை" என்றார் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து. நல்ல குரல். "ஏழெட்டு எத்தனை? சொல்லும் பாப்பம்."

எழுந்தேன். பதில் நாக்கில் இருந்தது. ஐம்பத்தாறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் கண் துரையின் பூட்ஸில் போய் விழுந்தது. பழுப்புத் தோல், ஓரத்தில் சிவப்பு மண். கழுத்து குனிந்தது. களத்தில் துண்டை அவிழ்த்து நின்ற அப்பன்தான் கண்ணில் நின்றார்.

வாத்தியார் சுவரோரம் நின்று பொத்தானைத் தட்டினார். பத்து ஆயிற்று. அவர் 'ஒக்காரு' என்று சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் அடுத்த பிள்ளையைக் கேட்டார். அது என்னைப் பார்த்தது. பெரியவள் நான் குனிந்து நிற்கிறேன். அதுவும் குனிந்தது. அதைப் பார்த்து அடுத்தது. 'அ'னா எழுதச் சொன்னார், பலகைகள் எல்லாம் கவிழ்ந்தே கிடந்தன. உன் பெயர் என்ன என்றார். அதற்கும் பதில் இல்லை. காற்று வீசித் தகரம் ஒரு தடவை கிரீச்சிட்டது. அவ்வளவுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று கேட்ட சத்தம்.

வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் அது புரிந்த நேரத்தை நான் குனிந்தபடியே பார்த்தேன். ஊரில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தவர், தொப்பி போட்ட ஒருவரைக்கூட எங்கள் முன்னால் நிறுத்திப் பழக்கவில்லை. எங்கே போய்க் கூப்பிடுவார்?

கதவுப் பக்கம் போய்க் கை கூப்பினார். "தொரைகளே... தொரை ஒரு பத்து நிமிசம் வெளிய போய் நின்னா புள்ளைங்க பேசும். எல்லாம் தெரியும் தொரைகளே. ஒரு பத்து நிமிசம்."

துரையை அவருடைய தோட்டத்திலேயே வெளியே போகச் சொன்ன ஆள் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துரை கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றான் இவன்?" என்று கேட்டார். அவருக்கு விளங்கவில்லை என்று நான் நினைக்கவில்லை.

கங்காணி வாத்தியாரின் தோளைப் பிடித்து நகர்த்தினார். "பாத்தீரா ஓய்? இதுக்குத்தான் தொரைமாரு இன்னும் காலம் வேணும்னாங்க."

வாத்தியார் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுதாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மாஸ்டர், நான் காதாலை கேட்டதைத்தான் எழுதலாம். கேளாததை எப்பிடி எழுதுறது?"

எழுதினார்.

கொஞ்ச நாள் கழித்து நானா கடையில் பேப்பர் வாசித்ததாக அப்பன் வந்து சொன்னார். கொழும்புச் சபையில் யாரோ எழுந்து, ஊவாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பத்து நாலு பிள்ளைகளில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை, ஆகவே இந்த முறைக்கு இன்னும் நாள் ஆகவில்லை என்று பேசினாராம். மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். இந்தத் தடவை எத்தனை வருஷம் என்றுகூடச் சொல்லவில்லையாம். நான் மூடிய வாய் கொழும்பு வரைக்கும் போயிருக்கிறது.

வாத்தியார் பரீட்சைக்கு மறுநாளே போய்விட்டார். நான் ரோட்டுக்கு மேலே சரிவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பதுளைப் பக்கமாக, தலையில் தகரப் பெட்டியோடு கீழே வந்தார். எனக்கு நேராக வந்ததும் நின்றார். பெட்டியை இறக்கி வைத்தார். அண்ணாந்து பார்த்தார்.

"ஏழெட்டு?" என்று கத்தினார்.

கங்காணி என்னிடமிருந்து நாலு அடியில் நின்றார். துரை இல்லை, நாய் இல்லை. கங்காணி மட்டும்தான். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வாத்தியார் பொத்தானைத் தட்டினார். நானும் மனசுக்குள் கூடவே எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. அவர் நிறுத்தவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று தட்டிக்கொண்டே நின்றார். வாழ்நாளில் ஒருவருக்கும் பத்துக்கு மேல் கொடுக்காத மனுஷன், எனக்கு நாற்பதுக்கு மேல் கொடுத்தார். "ஏய், வேலையப் பாரு" என்றார் கங்காணி. நான் குனிந்தேன். நிமிர்ந்தபோது ரோட்டில் பெட்டி இல்லை.

அவர் எங்கே போனார், யாராவது அவரை எப்போதாவது சோதித்தார்களா, ஒன்றும் தெரியாது. பதுளை பஜாரில் கறுப்புக் கோட்டைக் கண்டால் வெகுகாலம் பொத்தானைத்தான் பார்ப்பேன். எங்கள் சாய்ப்பில் ஆட்டுக்குட்டி கட்டினார்கள். என் பிள்ளைகள் ஒன்பதில் ஒன்றையும் நான் 'வாயை மூடு' என்று சொல்லி வளர்க்கவில்லை. அந்த ஒரு சொல் என் வீட்டில் கிடையாது. அதனால் அவருக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை.

ஐம்பத்தாறு, ஐயா. ஐம்பத்தாறு.

எழுதிவிட்டாயா, செல்வி? சரி, முதலிலிருந்து ஒரு தடவை வாசி. உட்கார்ந்து வாசிக்காதே, எழுந்து நில். ரோட்டுக்குக் கேட்கும்படி வாசி. யார் வந்து வாசலில் நின்றாலும் நிறுத்தாதே.